பதினோரு நாள் தர்ம அடி

நான் பெரிய பிரபலம் கிடையாது. குழந்தை வளர்ப்பு பற்றிப் பேசும் ஒரு வீடியோ சேனல் வைத்திருக்கிறேன்; ஆறு வருடமாக வாரம் ஒரு பேட்டி. வெளியே போனால் எப்போதாவது ஒருவர் அடையாளம் கண்டு சிரிப்பார், அவ்வளவுதான். ஆனால் நாலு பேருக்குத் தெரிந்த முகமாக இருந்தாலே போதும், கூட்டம் கூடி அடிப்பதற்கு. எனக்கு அது நடந்தது. பதினோரு நாள் நடந்தது. எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று சொல்ல முதல் இரண்டு நாளும் பக்கத்தில் ஒருவரும் இல்லை. செய்யக் கூடாதவை எல்லாவற்றையும் அந்த இரண்டு நாளிலேயே செய்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. நாளைக்கு இதே இடத்தில் நிற்கப் போகிற ஒருவருக்கு இது போய்ச் சேர வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். ஒரு குழந்தைகள் மனநல மருத்துவருடன் 52 நிமிடப் பேட்டி. 31-வது நிமிடத்தில் நான் கேட்ட கேள்வி: "அடிக்காமல் வளர்த்த பிள்ளை உருப்படாது, நாமெல்லாம் அடி வாங்கித்தானே வளர்ந்தோம், இப்ப என்ன கெட்டுப்போயிட்டோம் என்று சொல்கிற பெற்றோருக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?" யாரோ ஒருவர் இதில் "என்று" வருவதற்கு முன்னால் வெட்டிவிட்டார். தமிழில் அடுத்தவர் பேச்சைச் சொல்லும்போது "என்று" கடைசியில்தான் வரும். அதை எடுத்துவிட்டால் போதும், யாரோ சொன்னது என் சொல்லாகிவிடும். ஒன்பது விநாடி வீடியோ. அதில் நான் கேமராவைப் பார்த்து, குழந்தையை அடிக்கச் சொல்கிறேன். மேலே ஒரு வரி: "இவங்கதான் உங்களுக்குப் பிள்ளை வளர்க்கக் கற்றுத் தர்றாங்க." அன்று மாலைக்குள் அது நான்கு லட்சம் பேர் கண்ணில் பட்டிருந்தது. என் பேட்டி எதையும் அதில் பத்தில் ஒரு பங்கு பேர்கூடப் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் நான் கேள்வி கேட்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். "சில பெற்றோர் ஒன்று சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை" என்று முதலில் சொல்லி, ஒரு வரிக்கு மேல் மேற்கோளை நீட்டாமல், உடனே "இது அவர்கள் சொல்வது" என்று மறுபடி சொல்லி முடிப்பேன். கேட்பதற்கு அழகாக இருக்காது. வெட்ட நினைப்பவர் எங்கு வேண்டுமானாலும் வெட்டலாம் என்பதும் உண்மைதான். ஆனாலும் கேமராவுக்கு முன் பேசுகிற எல்லாரும் தங்கள் பேச்சை ஒருமுறை இந்தக் கண்ணோடு கேட்டுப் பாருங்கள்: இதில் எந்தப் பத்து விநாடியைத் தனியாக எடுத்தால் நான் வேறு ஆளாகிவிடுவேன்?

முதல் தவறு, பதில் சொன்னது. ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்கினால் புரிந்துகொள்வார்கள் என்று நம்பினேன். மாலை ஆறிலிருந்து நள்ளிரவு வரை அறுபதுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பதில் எழுதினேன். நான் பதில் போடப் போட அந்தப் பதிவு இன்னும் மேலே போய்க்கொண்டே இருந்தது. பேச்சு நடக்கிற பதிவைத்தான் தளம் இன்னும் பலருக்குக் காட்டும். அதற்குச் சண்டையும் விளக்கமும் ஒன்றுதான். ஏதோ ஒரு கட்டத்தில், என் மகளைப் பற்றி ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு, "அறிவிருந்தா முழுசா பார்த்துட்டு வந்து பேசுங்க" என்று எழுதிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் அழித்தேன். அதற்குள் ஸ்கிரீன்ஷாட் போய்விட்டது. மறுநாள் காலை ஒன்பது விநாடி வீடியோவைவிட அதுதான் அதிகம் சுற்றியது. முதல்நாள் என் மேல் குற்றச்சாட்டு பொய்யாக இருந்தது. இரண்டாம் நாள் அதற்கு ஓர் உண்மையான சாட்சியை நானே கொடுத்திருந்தேன்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. பயத்தில் முழுப் பேட்டியையும் யாரும் பார்க்க முடியாதபடி மறைத்தேன். "மாட்டிக்கிட்டதும் அழிச்சிட்டாங்க பாருங்க" என்று ஆரம்பித்துவிட்டார்கள். என் பக்கம் இருந்த ஒரே ஆதாரம் அந்த முழு வீடியோதான். மிக அதிகம் பேர் என்னைத் தேடி வந்த 14 மணி நேரம் அது யாருக்கும் கிடைக்கவில்லை. தயவுசெய்து எதையும் மறைக்காதீர்கள், அழிக்காதீர்கள். மாறாக, அந்தக் கேள்வி வரும் நிமிடத்தைக் குறிப்பிட்டு, முழு வீடியோவை உங்கள் பக்கத்தின் உச்சியில் நிறுத்தி வையுங்கள்.

மூன்றாவது, "யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்" என்ற அந்த வரி. எனக்கே அதில் நம்பிக்கை இல்லாமல்தான் எழுதினேன். சொல்லாததற்கு மன்னிப்புக் கேட்டதால் சொன்னதாக ஆகிவிட்டது. 'இருந்தால்' என்று போட்டதால் மன்னிப்பாகவும் ஆகவில்லை. இரண்டு பக்கமும் நஷ்டம். ஐந்தாம் நாள் அதைத் திருத்தி எழுதினேன்: வீடியோ வெட்டப்பட்டது, முழுவதும் இங்கே இருக்கிறது, ஆனால் ஒருவரை அறிவில்லாதவர் என்கிற தொனியில் பேசியது என் தவறு, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மூன்றே வரி. அதற்குப் பிறகு என் பக்கத்தை விளக்கி ஒரு எழுத்துகூட எழுதவில்லை. முதல் நாளே எழுதியிருக்க வேண்டியதும் அதுதான், அந்த மன்னிப்புக்குத் தேவையே வராமல்.

மூன்றாம் நாள் காலை என் தம்பி வந்தான். நான் குளிக்கவில்லை, சரியாகச் சாப்பிட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. போன் மேசையில் கிடந்தாலும் தொடையில் அதிர்வது போலவே இருந்தது. "அக்கா, போனைக் கொடு" என்றான். கொடுக்க மனசு வரவில்லை. படிக்காமல் இருந்தால் எனக்குத் தெரியாமல் இன்னும் மோசமாக ஏதாவது நடந்துவிடும் என்ற பயம். அடி விழும் திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்கிற மாதிரி. அவன் கையை நீட்டிக்கொண்டே நின்றான். கொடுத்தேன். அன்று மதியம் நான்கு மணி நேரம் தூங்கினேன். என்னைக் காப்பாற்றியது அந்த நான்கு மணி நேரம் என்றே இன்னமும் நினைக்கிறேன்.

அவன் செய்த வேலைகளைச் சொல்கிறேன், இவை யாருக்கும் பயன்படும். என்னைப் பின்தொடர்கிறவர்கள் மட்டுமே கமெண்ட் போடலாம் என்று மாற்றினான். குறிப்பிட்ட கெட்ட வார்த்தைகளும் என் மகளின் பெயரும் வந்தால் தானாக மறையும்படி வைத்தான். மிரட்டல்களை மட்டும், கணக்கின் பெயர், தேதி, இணைப்பு எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தனியாகச் சேர்த்தான். பிளாக் செய்வதற்கு முன்பே இதை எடுத்துவிட வேண்டும். அப்புறம் தேடினால் சில கணக்குகளே இருக்காது. வீட்டு முகவரி தெரியும் என்று எழுதிய இருவர் மேல் காவல் துறையில் புகார் கொடுத்தோம். இந்த வேலையைப் பாதிக்கப்பட்டவர் செய்யவே கூடாது. ஆதாரம் சேர்க்கிறேன் என்ற பெயரில் எல்லாவற்றையும் இரண்டாவது தடவை படிக்க வேண்டியிருக்கும்.

அன்று இரவு நாங்கள் இருவரும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தோம். "ஊரே என்னைத் திட்டுகிறது" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்ததால், எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துவிடலாம் என்றான். அந்தப் பதிவின் கீழே இருந்த முதல் 500 கமெண்டுகளை அவன் வாசிக்க, நான் கோடு போட்டேன். 500-ஐயும் எழுதியவர்கள் 190 பேர். ஒருவர் மட்டும் 37 முறை எழுதியிருந்தார். பெரும்பாலானவை நாலைந்து வாக்கியங்களின் நகல்கள். மிரட்டல் ஆறு. உருப்படியான விமர்சனம் பதினான்கு. அதில் ஒரு தாய் எழுதியது இன்னும் நினைவிருக்கிறது: முழுவதும் பார்த்தேன், நீங்கள் அப்படிச் சொல்லவில்லை என்று தெரிகிறது, ஆனால் அந்த வரியை அவ்வளவு இயல்பாகச் சொன்னபோது எனக்கு என் அப்பாவின் குரல் கேட்டது, இன்னும் கவனமாகச் சொல்லியிருக்கலாம். அந்த 190 பேரில் நான் பதில் எழுதியிருக்க வேண்டியவர் அவர் ஒருவர்தான். அறுபது பேருக்குப் பதில் எழுதிய நான் அவரைக் கவனிக்கவே இல்லை.

எண்ணி முடித்தபோதுதான் 'தர்ம அடி' என்ற சொல் மனதில் வந்தது. திருடன் என்று யாரோ கத்தியதும், அந்தப் பக்கமாகப் போகிறவர், யாரையும் கை நீட்டி அடித்தே அறியாதவர், கூட்டத்துக்குள் நுழைந்து ஓர் அடி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். என்ன திருடினான் என்று கேட்கக்கூட மாட்டார். அடித்தவர் கணக்கில் அது ஒரே ஓர் அடி. அதுவும் தர்மம் என்றே பெயர் வைத்திருக்கிறோம். விழுந்து கிடக்கிறவன் கணக்கில்தான் அது மொத்தமாக வந்து சேர்கிறது. இணையத்தில் நடப்பது அப்படியே இதுதான். ஒருவர் ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறார். அவருக்கு அது இருபது விநாடி. அவர் கெட்டவர் இல்லை. இது எனக்கு ஆறுதலாக இருந்ததா என்றால், அப்போது இல்லை. கெட்டவர்கள் செய்தார்கள் என்றால் நன்றாகத் திட்டியாவது தீர்த்துக்கொண்டிருக்கலாம்.

ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004-இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நேரில் சொல்லத் துணியாததைத் திரைக்குப் பின்னால் இருந்து ஏன் சொல்லிவிடுகிறோம் என்பதற்கு அவர் சொல்லும் காரணங்களில் இரண்டு என்னை நிறுத்தி யோசிக்க வைத்தன: நாம் யார் என்று எதிராளிக்குத் தெரியாது, நாம் எழுதியதைப் படிக்கும்போது அவர் முகம் எப்படி மாறுகிறது என்று நமக்கும் தெரியாது. இரண்டாவதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. என்னைத் திட்டியவர்களில் பாதிப் பேர் தங்கள் சொந்தப் பெயரில், குடும்பப் படத்தோடுதான் எழுதினார்கள். அவர்கள் ஒளிந்துகொள்ளவில்லை. என் முகம் மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை.

கோபமான சொல்லுக்குக் கால் அதிகம் என்பதும் உண்மை. 2017-இல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ட்வீட்டுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், நியாய அநியாயத்தையும் உணர்ச்சியையும் சேர்த்துச் சொல்கிற சொல் ஒவ்வொன்று கூடும்போதும் பதிவு பரவுவது சுமார் 20 சதவீதம் கூடியது என்று கண்டார்கள். என் விளக்கத்தில் அப்படி ஒரு சொல்கூட இல்லை. "சூழலை விட்டுப் பிரித்துக் காட்டப்பட்டுள்ளது" என்று எழுதியிருந்தேன். அது எங்கே போகும்?

பணம், நேரம் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். விளம்பரம் கொடுத்துவந்த நிறுவனம் நான்காம் நாள் ஒரு வருட ஒப்பந்தத்தை நிறுத்தியது. ஒப்புக்கொண்டிருந்த இரண்டு கூட்டங்கள் ரத்தாயின. கூட்டிப் பார்த்தால் என்னுடைய ஐந்து மாத வருமானம். வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் போனது தனி. ஏழு வாரம் புதிதாக ஒரு வீடியோவும் எடுக்க முடியவில்லை. ஒப்பந்தம் போனதற்கு என் பங்கும் உண்டு. முகம் தெரியாத அறுபது பேருக்கு விளக்கம் கொடுத்த நான், என்னை நம்பிப் பணம் போட்டவர்களுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை; அவர்கள் அந்த ஒன்பது விநாடியைப் பார்த்துத்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டார்கள். உங்களுக்கு இப்படி நடந்தால், முதல் இரண்டு மணி நேரத்தில் செய்ய வேண்டிய வேலை இதுதான்: உங்களோடு வேலை செய்கிறவர்கள், குடும்பம், பிள்ளை படிக்கும் பள்ளி, இவர்களுக்கு நீங்களே கூப்பிட்டு, முழு வீடியோவை அனுப்பிவிடுங்கள். இணையத்தில் எழுதுவது மறுநாள் போதும்.

ஆறாம் நாள் யாரோ எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். ஒரு நடிகையின் படத்துக்குக் கீழே சில வருடம் முன்பு நான் எழுதிய கமெண்ட். "இதெல்லாம் ஒரு பிழைப்பா." அதற்கு 210 லைக். அதை எழுதியதாக எனக்குச் சுத்தமாக நினைவில்லை. அந்த நடிகை என்ன செய்தார், எதற்காக அன்று எல்லாரும் அவரைத் திட்டினார்கள் என்பதும் நினைவில்லை. நான் எழுதியதுதான், என் பெயர் இருக்கிறது, என் படம் இருக்கிறது. அன்று வரை நான் அடி வாங்குகிறவள் மட்டுமே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் அந்த மூன்று சொற்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடிக்கிறதில் ஓர் இன்பம் இருக்கிறது, அதையும் நான் நேரில் பார்த்தேன். ஏழாம் நாள் வாக்கில் காற்று திரும்பியது. ஒருவர் அநியாயத்தைத் தட்டிக் கேட்டால் பார்ப்பவர்களுக்குப் பிடிக்கும். அதையே பலர் சேர்ந்து செய்தால் அடிபடுகிறவர் மேல் இரக்கம் வந்துவிடும் என்று 2018-இல் வந்த ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று காட்டியது. எனக்கும் அப்படித்தான் நடந்தது. முழு வீடியோ பரவ ஆரம்பித்தது. ஆனால் அந்த இரக்கம் இரக்கமாகவே நிற்கவில்லை. வீடியோவை வெட்டியவர் யார் என்று கண்டுபிடித்து, அவர் பெயர், வேலை செய்யும் இடம் எல்லாவற்றையும் எனக்கு ஆதரவானவர்களே போட்டுவிட்டார்கள். ஒரு மாலை முழுவதும் அதை நான் ரசித்துப் படித்தேன். அவரைத் திட்டுகிற ஒவ்வொரு வரிக்கும் உடம்பில் ஏதோ இறங்கியது. விளையாட்டில் ஏமாற்றியவரைத் தண்டிக்கிறபோது, மூளையில் பரிசு கிடைத்தால் விழித்துக்கொள்கிற பகுதி வேலை செய்கிறது என்று 2004-இல் சூரிச்சில் செய்த ஓர் ஆய்வு சொல்கிறது. என்னைத் திட்டியவர்களும் இதைத்தான் உணர்ந்திருப்பார்கள் என்று அன்று இரவு புரிந்தது. மறுநாள் தம்பியிடம் சொல்லி, அவர் விவரங்களை எடுத்துவிடுங்கள் என்று கேட்டு ஒரு வரி போட்டேன். "இவ்வளவு நல்லவளா நீ" என்று அதற்கும் திட்டு விழுந்தது. பரவாயில்லை.

நண்பர்களை என்ன செய்யச் சொல்ல வேண்டும் என்பதும் தாமதமாகத்தான் தெரிந்தது. என் தோழிகள் எனக்காக வரிந்துகட்டிக்கொண்டு சண்டை போட்டார்கள். ஒவ்வொரு சண்டையும் பதிவை இன்னும் மேலே தூக்கியது. யாரென்றே தெரியாத ஒருவர் மட்டும், "31-வது நிமிடம் பாருங்கள், இது அவர் கேட்ட கேள்வி" என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். அதற்குக் கீழே முதல்முறையாக "ஆமாம், இப்பதான் பார்த்தேன்" என்று வர ஆரம்பித்தது. 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் செய்த கோடு அளக்கும் சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் தவறான கோட்டைக் காட்டினால், கண்ணால் சரியானதைப் பார்த்தவரும் சுமார் மூன்றில் ஒரு தடவை அவர்களோடு சேர்ந்து தவறாகவே சொல்வார். ஆனால் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னாலும் அப்படி இணங்கிப்போவது வெகுவாகக் குறைந்துவிடும். அந்த ஒருவராக இருக்கச் சொல்லுங்கள் உங்கள் நண்பர்களை. வாதாட வேண்டாம், நிமிடக் கணக்கு மட்டும் போதும்.

உடம்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது. நெஞ்சில் ஒரு கல் உட்கார்ந்திருந்தது. இது வெறும் மனப்பிரமை இல்லை: 2003-இல் வந்த ஓர் ஆய்வில், கணினியில் பந்து எறியும் விளையாட்டிலிருந்து ஒதுக்கப்பட்டவர்களின் மூளையில், உடல்வலியின்போது வேலை செய்கிற பகுதி ஒன்று விழித்துக்கொண்டதைக் கண்டார்கள். ஐந்தாம் நாள் இரவு, நான் இல்லாமல் போனால் இது நின்றுவிடும் என்று தோன்றியது. அதைத் தம்பியிடம் சத்தமாகச் சொன்னேன். மறுநாளே மருத்துவரிடம் அழைத்துப் போனான். 2020-இல் ஜப்பானில் ஹனா கிமுரா என்ற 22 வயது மல்யுத்த வீராங்கனை, தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் நடந்துகொண்ட விதத்துக்காக இணையத்தில் இடைவிடாமல் வசைபாடப்பட்டு, உயிரை மாய்த்துக்கொண்டார். 2022-இல் அந்த நாடு அவமதிப்புக் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை என்று சட்டத்தைக் கடுமையாக்கியது. தென் கொரியாவின் பெரிய தளங்களான டாவுமும் நேவரும் 2019, 2020-இல் பொழுதுபோக்குச் செய்திகளுக்குக் கீழே கமெண்ட் வசதியையே எடுத்துவிட்டன. அப்படி ஓர் எண்ணம் வந்தால் வெட்கப்படாமல் பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அந்த இரவு தனியாக இருக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். "போனை மூடி வைத்தால் சரியாப் போயிடும்" என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்டுக் காத்திருக்க வேண்டாம்.

ஒன்பதாம் நாள் ஒருவர் இன்பாக்ஸில் எழுதினார். என்னைத் திட்டி அதை ஷேர் செய்தவர். "முழுசா பார்க்கல மேடம். அன்னைக்கு ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கிட்டு வந்து உட்கார்ந்தேன். எல்லாரும் எழுதியிருந்தாங்க, நானும் எழுதிட்டேன். எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. மன்னிச்சிடுங்க." சாதாரண மனிதர்கள் எப்போது வசை எழுதுகிறார்கள் என்று ஸ்டான்ஃபோர்ட், கார்னெல் ஆய்வாளர்கள் 2017-இல் சோதித்துப் பார்த்தார்கள். மனநிலை கெட்டிருப்பதும், தனக்கு முன்பே மற்றவர்கள் வசை எழுதியிருப்பதும் சேர்ந்தால், அது ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று கண்டார்கள். அவர் அந்த ஆய்வைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அதை அப்படியே தன் சொல்லில் எனக்கு எழுதியிருந்தார். அவருக்கு "பரவாயில்லைங்க" என்று ஒரு சொல் அனுப்பினேன். அதற்கு மேல் எழுத எனக்கும் தெம்பில்லை.

பன்னிரண்டாம் நாள் எல்லாம் நின்றது. யாரும் என்னை மன்னிக்கவில்லை, யாரும் தீர்ப்பும் சொல்லவில்லை. கூட்டம் ஒரு பாடகியிடம் போய்விட்டது, அவ்வளவுதான். அவர் மேடையில் சொன்ன ஏதோ ஒன்று. அது என்ன என்று நான் போய்ப் பார்க்கவில்லை. அவரோடு எனக்குப் பழக்கமில்லை. தெரிந்தவர் ஒருவரிடம் எண் வாங்கி ஒரு செய்தி அனுப்பினேன்: இன்று எதுவும் எழுதாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள், உங்களோடு வேலை செய்கிறவர்களை நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள், போனை வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. "போனைத் தங்கச்சிகிட்ட கொடுத்தேன் அக்கா. நேத்து தூங்கினேன்."